குருந்தம்

எங்கள் கொத்தமங்கலத்தில் பளபளப்பு என்றாலே தேய்ப்புதான். சுண்ணாம்பும் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர்கள் தலைமுறைகள் கடந்தும் முகம் காட்டுகின்றன. ஆத்தங்குடிக் கற்கள் கால்பட்டுக் கால்பட்டே மெருகேறுகின்றன. பித்தளை அண்டாவுக்குப் புளியும் செங்கல் பொடியும் இருக்கின்றன. தேய்த்தால் எதுவும் புதிதாகிவிடும் என்று நம்பி வளர்ந்தவன் நான். அந்த நம்பிக்கையே சென்ற ஆண்டு என் மகளின் துப்பாக்கியைக் கெடுத்தது.

துப்பாக்கி என்றதும் திடுக்கிட வேண்டாம். பத்து மீட்டர் தூரத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கான காற்றுத் துப்பாக்கி அது. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, வெடிமருந்து கிடையாது. புதியது வாங்க ஓர் ஆசிரியரின் சேமிப்பு போதாது. ஆகவே, விளையாட்டை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து பழையதை வாங்கினோம். குழலும் விசையும் வந்து பொருந்தும் நடு உடலை 'ரிசீவர்' என்பார்கள். இதில் அது அலுமினியத்தால் ஆனது, கறுப்பு நிறம். குண்டு இடும் பக்கத்தில் முந்தையவரின் விரல்பட்டுக் கறுப்பு தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. விளிம்புகளில் வியர்வையின் புள்ளிகள்.

பயிற்சிக் கூடத்தில் பிற பிள்ளைகளின் துப்பாக்கிகள் புதிதாக மின்னின. யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. மகள் தேர்வுக்காக விடுதியில் தங்கிய ஒரு வாரத்தில், அவளை வியப்பில் ஆழ்த்துவதாக எண்ணி, உடலைத் தனியே கழற்றிச் சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்து நாரால் தேய்த்தேன். அழுக்கோடு கறுப்பும் போயிற்று. மிஞ்சியது திட்டுத் திட்டான சாம்பல் நிறம்.

காரைக்குடிக்குப் போகும்போதெல்லாம் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கடந்திருக்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம். உலோகங்களின் மேற்பரப்பு அதன் ஆய்வுத் துறைகளுள் ஒன்று. தமிழ் வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை என்று இருந்துவிட்டேன். இப்போது, அங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரின் வீட்டுக்குத் துணியில் சுற்றிய பொருளோடு போய் நின்றேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது பூச்சு இல்லை. இதன் தோல்" என்றார்.

அலுமினியம் காற்றுப்பட்ட கணத்திலேயே தன்மேல் ஆக்சைடுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். பொருளைக் கந்தக அமிலக் கரைசலில் நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால் அத்தோல் பல மைக்ரான் அளவுக்கு வளரும். வெளியே மட்டுமன்று, உலோகத்தைத் தின்று உள்நோக்கியும் வளரும். அதன் நுண்துளைகள் சாயத்தைக் குடிக்கும். பிறகு கொதிநீரில் இட்டால் துளைகள் அடைபட்டு நிறம் உள்ளே சிறைப்படும். அந்தத் தோலைக் காரம் கரைக்கும். நான் செய்தது அதுதான்.

மீண்டும் கறுப்பாக்கலாமா என்று கேட்டேன். ஆக்கலாம், ஆனால் மிச்சமிருக்கும் தோலை முழுதும் கரைக்க வேண்டும். அப்போது உலோகமும் கொஞ்சம் கரையும். எஃகு ஊசிகளையும் திருகுகளையும் முன்பே கழற்றிவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது துளைகள் சற்றுத் தளர்ந்திருக்கலாம். புதுத்தோலுக்கு விலை பழைய உடம்பு.

புறப்படும்போது அவர் இன்னொன்று சொன்னார். இந்த ஆக்சைடும் மாணிக்கமும் நீலமும் வேதியியலில் ஒரே பொருள்; அணுக்களின் ஒழுங்கு மட்டுமே வேறு. அந்தக் கனிமத்தை ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்பார்கள். அது நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைகளின் மாணிக்க வகைகளுள் ஒன்றாக வரும் 'விந்தம்' குருவிந்தமே என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்பவன் நான். சொல்லை அறிந்திருந்தேன். பொருள் என் கையிலேயே இருந்தபோது நாரால் தேய்த்தேன்.

மகள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. திருகுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.

"நிறம் போனா போகட்டும்ப்பா. துளை தளர்ந்தாதான் எனக்குக் கஷ்டம். அப்படியே இருக்கட்டும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

அதன் பொருள் அடுத்த வாரம் பயிற்சிக் கூடத்தில்தான் விளங்கியது. பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு அறுபது குண்டுகள். ஒவ்வொரு முறையும் இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே கட்டைவிரலால் தடவிக் குண்டு இடுவாள். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாக இருக்க, முந்தையவர் தேய்த்த அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருந்திருக்கிறது. அதுதான் அவள் விரலுக்கு வழிகாட்டி. நான் வெட்கப்பட்ட தேய்மானம் அவளுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் ஒரே வழவழப்பு. அவள் ஒவ்வொரு குண்டுக்கும் தலைகுனிந்து தேடினாள்.

இரண்டு வாரம் தடுமாறினாள். பிறகு, பழைய தேய்மானம் இருந்த இடத்தில் ஒரு சிறு துண்டு துணிநாடாவைத் தானே ஒட்டிக்கொண்டாள். அதன் ஓரம் இப்போது நைந்து அழுக்கேறியிருக்கிறது. நான் தொடுவதில்லை.