மூன்று புள்ளிகள்

ஒப்பாரியைப் பதிவு செய்வது எளிதன்று. இறப்பு வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை நீட்ட மனம் வராது. வேறொரு நாளில் கேட்டாலோ, "விளக்கு வைக்கிற வீட்டில் அதைப் பாடலாமா?" என்று பாட்டிமார் மறுத்துவிடுவர். களத்துமேட்டிலோ கண்மாய்க் கரையிலோ உட்கார்ந்துதான் பாட இசைவர். அவ்வாறு தமிழ்த்துறையினராகிய நாங்கள் இருவரும் எங்கள் மாணவரும் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பதிவுகள் அனைத்தும், எங்களுள் ஒருவர் வீட்டு அலமாரியில், நான்கு வன்வட்டுகள் கொண்ட ஒரு சேமிப்புப் பெட்டியில் இருந்தன. பாடியவர்களுள் பலர் இன்று இல்லை.

பெட்டி 'ரெய்டு 5' என்னும் முறையில் அமைந்தது. (வருமான வரிச் சோதனைக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையால் பெயர்பெற்ற முறைகளுள் ஒன்று இது. தரவைத் துண்டுகளாக்கி வட்டுகளில் பகிர்ந்து, வரிசைதோறும் ஒரு சரிபார்ப்புத் துண்டையும் எழுதிவைக்கும். ஒரு வட்டு அழிந்தால் மற்ற மூன்றைக்கொண்டு கணக்கிட்டு மீட்கலாம். இரண்டு அழிந்தால் முடியாது. இஃது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், நான்கு வட்டுகள் இருக்கின்றனவே என்று வேறு பிரதி எடுக்காமல் இருந்தோம்.

2023 நவம்பரில் ஒரு வட்டு நின்றுபோயிற்று. புதியதைப் பொருத்தினோம். மீட்டுருவாக்கம் 61 விழுக்காடு வரை சென்று நின்றது. இரண்டாவது வட்டும் பிழை காட்டி விலகிவிட்டது.

பின்னர்தான் காரணம் விளங்கிற்று. மீட்டுருவாக்கும்போது எஞ்சிய வட்டுகளைத் தொடக்கம் முதல் இறுதிவரை படித்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் எவரும் திறவாத மூலையில் கெட்டுக் கிடந்த பகுதி அன்றுதான் வெளிப்படும். நான்கும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. மூப்பும் ஒன்றாகவே வந்தது. ஏட்டுச்சுவடியைத் திறந்து பார்ப்பதே அதை நொறுக்கிவிடும் துயரத்தைச் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887ஆம் ஆண்டுக் கலித்தொகைப் பதிப்புரையில் எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் வகுப்பில் அதை உருக்கமாகச் சொல்பவர்கள் நாங்கள்!

புதிய தொகுதியை உருவாக்கலாமா எனத் திரை வினவியது. சம்மதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நல்லவேளையாக இயற்பியல் துறை நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"சார், எதையும் அமுக்காதீங்க. முதல்ல பெட்டியை அணைச்சிடுங்க."

மறுநாள் வந்தவர், வட்டுகளின் உடல்நிலை அறிக்கையைப் பார்த்தார். இரண்டாவது வட்டில் படிக்க இயலாத பகுதிகள் பல. நலமென்று நாங்கள் நம்பிய நான்காவதிலும், கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள் கூடியிருந்தன. எனவே மீட்டுருவாக்கத்தைக் கைவிட்டு, எஞ்சிய மூன்றையும் முதலில் நகலெடுப்பதென முடிவாயிற்று. புதிய வட்டுகளுக்குப் பண்டிகை முன்பணம் போயிற்று.

நகலெடுத்தது 'டிடிரெஸ்கியூ' என்னும் மென்பொருள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டவற்றைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வந்து முயலும். சிதைந்த இடத்துக்குப் புள்ளியிட்டு மேலே செல்லும் ஏட்டுப் பதிப்பாசிரியர் நினைவுக்கு வந்தார். நான்கு டெராபைட் வட்டுகளில் நலமானதற்கு ஒன்பது மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது வட்டு மூன்று இரவுகள் எடுத்துக்கொண்டது. வெப்பம் ஏறாதிருக்க மேசை விசிறியைத் திருப்பிவைத்துவிட்டு, முறைவைத்து விழித்திருந்தோம். பிறகு நகல்களை மட்டும் நண்பரின் லினக்ஸ் கணினியில் இணைத்து, எதையும் எழுதவிடாமல் படிக்கும் நிலையில் திறந்தார். கோப்புகள் தெரிந்தன. எங்களுள் ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இறுதிவரை கிடைக்காதது 48 கிலோபைட். அது விழுந்தது ஒரே ஒரு பதிவில். 2021இல் மறைந்த ஒரு மூதாட்டியின் பாடலில். ஓரிடத்தில் கால் நொடி மௌனம். அதே வரிசையில் இருந்த, இறந்த வட்டின் துண்டும் தவறாகக் கணக்கிடப்பட்டதால், சில நொடிகள் தள்ளி ஓர் இரைச்சல். இரைச்சல் மூச்சு வாங்கும் இடத்தில் போயிற்று. மௌனம் விளிச்சொல் ஒன்றின் தொடக்கத்தை விழுங்கிவிட்டது. எஞ்சியிருப்பது 'னே' என்னும் ஈறு மட்டுமே. மகனே எனவும் கொள்ளலாம், மன்னனே எனவும் கொள்ளலாம். சந்தம் இரண்டுக்கும் இடந்தருகிறது. பதிவு செய்த மாணவிக்கும் நினைவில்லை.

இப்போது நூலகத்தில் ஒரு பிரதியும் நண்பர் வீட்டில் ஒரு பிரதியும் உள்ளன. எழுத்துவடிவில் அவ்விடத்தில் மூன்று புள்ளிகள் இட்டிருக்கிறோம்.