பரிசும் பிரியாவிடையும்

தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனியானதொரு பொருள் உண்டு. ஒரு நாள் உழைத்து, அந்த நாளுக்குரிய கூலி கணக்கில் ஏறினால் அது ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்க முடியாமற் போனால் அரைப்பேர். மாத முடிவில், “இந்த மாசம் எத்தனை பேரு?” என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வர். மனிதரின் பெயரே கூலியின் அளவாகிவிட்ட ஒரு சமூகம் எங்களுடையது. அந்தச் சமூகத்துத் தாயொருத்தி பாடசாலை மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். ஒலிபெருக்கியில் அவளுடைய மகளின் பெயர் தந்தையின் பெயரோடு முழுமையாக வாசிக்கப்படுகிறது. அந்தக் கணத்தின் பொருளை, எங்கள் பரிசளிப்பு விழாக்களைப் புறத்தே நின்று பார்ப்பவர்கள் எளிதில் உணரமாட்டார்கள்.

நான் பூண்டுலோயாவில் பிறந்தவள். பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, இன்று மலையகத்துக் கத்தோலிக்கப் பெண் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். ஆண்டுதோறும் இரண்டு விழாக்கள் எங்கள் வாழ்வில் முக்கியமானவை. ஒன்று பரிசளிப்பு விழா. மற்றது உயர்தர மாணவியருக்கான பிரியாவிடை. முதல் விழாவில் நாங்கள் எண்ணுகிறோம். இரண்டாவது விழாவில் அனுப்புகிறோம். யாரை எண்ணுகிறோம், எங்கே அனுப்புகிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் சற்று உரக்கக் கேட்க வேண்டும் என்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊரைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒன்றின் பெயர் ஈட்டன். இன்னொன்றின் பெயர் ஹரோ. இவ்விரண்டும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பள்ளிகளின் பெயர்கள். முன்னது 1440இல் தொடங்கப்பட்டது. பின்னது 1572இல் அரச சாசனம் பெற்றது. பிரதமர்களையும் பிரபுக்களையும் ஆக்கியளித்த ஆண் பள்ளிகள் அவை. பள்ளிகளின் பெயர்கள் கடல் கடந்து எங்கள் மலைகளுக்கு வந்தன, பள்ளிகள் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விதித்தது ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான தாய்மொழிப் படிப்பை மட்டுமே. பத்து வயதுக்குமேல் கொழுந்துக் கூடையும் புல்வெட்டும் கத்தியுமே அப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களாயின. அந்தப் பத்து வயது வரையிலுங்கூடப் பெண் பிள்ளை தம்பி தங்கையரைச் சுமந்துகொண்டு லயத்திலேயே தங்கிவிடுவது வழக்கமாயிருந்தது.

இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் நன்றியோடு நினைவுகூரும் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவுகள் திறந்தன. தோட்டப் பாடசாலையோ துரைமாரின் பொறுப்பிலேயே தொடர்ந்து கிடந்தது. 1970களின் பிற்பகுதியிலேயே அப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. முப்பது ஆண்டுத் தாமதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் முப்பது ஆண்டு என்பது ஒரு தலைமுறைப் பெண்களின் முழு இளமை அன்றோ?

இந்த இருட்டில் கன்னியர் மடங்கள் ஏற்றிய விளக்கை மறுப்பது நேர்மையாகாது. திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்து பெண் கல்விக்கு வழி செய்தனர். மலையகத்திலும் ஹட்டனின் புனித கபிரியேல், நுவரெலியாவின் நல்லாயன் ஆகிய பெண் பாடசாலைகள் எழுந்தன. லயத்துப் பெண் இவற்றின் வாயிலை அடைவதற்குப் பல காலம் சென்றது என்பதும் உண்மையே. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாட்டின் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் உடைமையாயின. அன்று அதனை எதிர்த்துக் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே குடியிருந்து போராடினர். அந்த வழக்கின் நியாய அநியாயங்களை இங்கு ஆராயப் போவதில்லை. இன்று நான் கற்பிக்கும் வகுப்பில் கழுத்தில் சிலுவை அணிந்தவளும் நெற்றியில் திருநீறு பூசியவளும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். காலைச் செபத்தின்போது இருவரும் ஒரே அமைதியோடு நிற்கின்றனர். அது எனக்குப் போதும்.

நிற்க. ‘பிரியாவிடை’ என்ற சொல் மலையகத்தில் வெறும் பாடசாலைச் சொல் அன்று. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையை 1947இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அம் மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் பங்கு பிரித்தது. தலைமன்னாரை நோக்கிச் சென்ற ரயிலுக்கு எம் மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர் வைத்தனர். அடுத்த வாங்கில் இருந்த தோழி ஒரு நாள் வரவில்லை. வரவு இடாப்பில் அவள் பெயரின்மேல் சிவப்பு மைக் கோடு விழுந்தது. பரிசில்லாத, மாலையில்லாத பிரியாவிடைகள் அவை. எங்கள் தாய்மாரின் வகுப்புகள் அவ்வாறே கலைந்தன.

குடியுரிமைப் பிரச்சினை 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் பெரும்பாலும் தீர்ந்தது. இன்று ஓர் உயர்தர மாணவி தன் பெயரோடு தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறாள். அவளுடைய பாட்டிக்குக் கிட்டாத பேறு அது. ஆதலால் பரிசளிப்பு விழா வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலில், நடுங்கும் கால்களோடு படியேறி, ஒரு புத்தகத்தைப் பெற்றுக்கொண்டு இறங்கும் அந்தப் பெண் தனக்காக மட்டும் ஏறி இறங்கவில்லை.

ஆனால் அந்த மேடையில் நிகழ்த்தப்படும் உரைகளிற் சில என் மனத்தை உறுத்துகின்றன. “தேயிலைச் செடியின் அடியிலிருந்து தப்பி வந்தவர்களே!” என்ற தொனியில் சில விருந்தினர் வாழ்த்துகின்றனர். வாழ்த்துகின்றவர் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் தாயோ அந்தச் செடியின் அடியிலிருந்து அன்று காலைதான் வந்திருக்கிறாள். மறுநாட் காலை அங்கேயே திரும்பப் போகிறாள். மகளின் பெயரைக் கேட்பதற்காக அன்றைய தன் பேரை இழந்து வந்திருக்கிறாள். 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை 2021இல்தான் நிறைவேறியது. 2024இல் அது 1,350 ரூபாயாயிற்று. ஒரு நாள் வேலைக்குப் போகாதிருப்பதன் விலை என்னவென்று அவளுக்குத் தெரியும். அத்தகையவள் எதிரே அமர்ந்திருக்க, அவள் உழைப்பை ஓடித் தப்ப வேண்டிய இழிவாகச் சித்திரிப்பது பொருந்துமா? இழிவு உழைப்பில் இல்லை. அந்த உழைப்புக்குத் தரப்படும் விலையிலேயே இருக்கிறது. மகள் பெற்ற பரிசு தாயின் உழைப்பிலிருந்து கிடைத்த விடுதலை அன்று. அந்த உழைப்பின் விளைவு.

இனி, பிரியாவிடையைப் பார்ப்போம். குத்துவிளக்கேற்றி, வாழ்த்துப்பாப் படித்து, கேக் வெட்டி, தரம் 12 மாணவியர் தரம் 13 அக்காமாருக்கு விருந்தளிக்கின்றனர். ஓட்டோகிராப் புத்தகங்கள் கைமாறுகின்றன. மாலையில் பஸ் நிலையத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுகின்றனர். இவர்கள் எங்கே போகின்றனர்?

சிலர் பல்கலைக்கழகம் போகின்றனர். பெரும்பாலான துறைகளுக்கு, தீவு முழுவதற்குமான திறமை வரிசைப்படி 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் என்பது அனுமதி முறை. நுவரெலியா அப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இச் சலுகை இருந்தும் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் தமிழ்மொழியில் கற்பிக்க ஆசிரியர் போதாமையால் எங்கள் பெண்களிற் பலர் விரும்பியோ விரும்பாமலோ கலைப்பிரிவுக்கே வருகின்றனர். தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு மாணவியர் பெருகுகின்றனர். அதில் நான் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. வேறு சிலர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குச் சென்று ஆசிரியைகளாகித் திரும்புகின்றனர். மலையகக் கல்வியின் முதுகெலும்பு இவர்களே என்பேன். எஞ்சியவர்கள் கொழும்பின் துணிக்கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர்; சிலர் விரைவில் மணமுடித்து வைக்கப்படுகின்றனர்.

இவர்களாவது தரம் 13 வரை வந்தவர்கள். வராதவர்கள் எங்கே? என்னிடம் தரம் 6இல் கற்ற ஒரு மாணவியின் கையெழுத்து, முத்துக் கோத்தாற்போல் இருக்கும். வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகை முழுவதையும் அவளே பிரதிசெய்தாள். சாதாரண தரப் பரீட்சை முடிந்த ஆண்டில், மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அவளுடைய தாயைக் குளவிகள் கொட்டின. பல நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் தப்பினாலும், அத்தாயால் பழையபடி மலை ஏற முடியவில்லை. மகள் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு ஆண்டுகளின் பின் அவளுடைய வகுப்புத் தோழியருக்குப் பிரியாவிடை நடந்தது. அன்று ஒரு மாணவி இரண்டு ஓட்டோகிராப் புத்தகங்களோடு என்னிடம் வந்தாள்.

“இது யாருடையது அம்மா?” என்று கேட்டேன்.

“அவ அனுப்பினா ரீச்சர். எல்லாருகிட்டயும் எழுதி வாங்கித் தரச் சொன்னா. ரீச்சர் கட்டாயம் எழுதணுமாம்.”

உரிமையாளர் இல்லாமல் அந்தப் புத்தகம் மட்டும் விழாவுக்கு வந்திருந்தது. அவளும் அந்த வகுப்பைச் சேர்ந்தவள்தான் என்று எங்களுக்கு நினைவூட்ட அவள் கண்ட வழி அது. அவள் எம்மை விட்டுப் போகவில்லை. எங்கள் விழாதான் அவளை விட்டுவிட்டு நடந்தது.

இது ஒருத்தியின் கதையன்று. 2021 ஜூலையில், டயகமத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்றிருந்த பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் உயிர் நீத்தாள். நாடு பதறியது, மக்கள் வீதிக்கு வந்து நீதி கேட்டனர். கட்டாயக் கல்வி 16 வயது வரை என்று 2016இலேயே விதியாகிவிட்டது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்ந்ததும் அதே 2021இலேதான். சட்டப் புத்தகத்தில் வயது ஏறிவிட்டது. லயத்து அறையில் அடுத்த வேளை அரிசிக்கு வழி தேடும் பெற்றோரை அச் சட்டம் எந்த முகத்தோடு சந்திக்கிறது என்பதே கேள்வி. பசியைத் தீர்க்காத சட்டம் பிள்ளையைப் பாடசாலையில் நிறுத்தி வைக்காது.

ஆகவே, எம் போன்ற பாடசாலைகளின் முன் மூன்று யோசனைகளை வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, பரிசளிப்பு விழாவில் வாசிக்கப்படும் அதிபர் அறிக்கையில் பல்கலைக்கழகம் புகுந்தோர் எண்ணிக்கைக்கு அருகில் இன்னோர் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். இவர்களோடு தரம் 6இல் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இடையில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றனர் என்பதைச் சபையறியச் சொல்ல வேண்டும். சித்தியெய்தியவர்களின் பெருமை இதனாற் குறையாது. அவர்கள் எத்தகைய பள்ளத்தைத் தாண்டி வந்தனர் என்பது அப்போதுதான் விளங்கும்.

இரண்டாவது, பிரியாவிடை அழைப்பிதழ் இடையில் நின்றவர்களுக்கும் போக வேண்டும். வந்தால் வரட்டும், அழைப்பு போவதே பெரிது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரப் பரீட்சை எழுத எவளேனும் விரும்பினால், அவளுக்கு வேண்டிய புத்தகத்தையும் வழிகாட்டலையும் பழைய மாணவியர் சங்கம் ஏற்கலாம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப் போன ஆயனின் கதையை மறைக்கல்வி வகுப்பில் கற்பிக்கும் பாடசாலைகளுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எங்கள் நிலைமையில் காணாமற்போனது ஒன்றல்ல என்பதே வேறுபாடு.

மூன்றாவது யோசனை பாடசாலைக்கு வெளியே, தொழிற்சங்கங்களுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் உரியது. பிள்ளையின் பரிசளிப்பு விழாவுக்குச் செல்லும் தாய்க்கோ தந்தைக்கோ அன்றைய நாள் முழுப்பேராகக் கணக்கிடப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள். அதற்கு மேல் வேண்டாம். கோடிக் கணக்கில் இலாபமும் நட்டமும் எழுதும் பேரேடுகளில் இது ஒரு துளி மையளவும் ஆகாது. சம்பளப் பேச்சுவார்த்தைகளில் எத்தனையோ கோரிக்கைகள் மேசைக்கு வருகின்றன. இந்தச் சிறிய கோரிக்கையும் ஒரு முறை வரட்டுமே! கல்வி எங்கள் பிள்ளைகளின் சலுகையன்று, உழைத்தவர்களின் உரிமை என்பதை நிர்வாகம் தன் செக்ரோலில் தன் கையாலேயே எழுத வேண்டிவரும். அந்த ஒரு வரி எழுதப்படும் நாளில், மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் தாய் இழப்பேதுமின்றிக் கைதட்டுவாள்.