உறுப்பைக் காக்கும் கைகள்

ஏலப்பாறையின் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தை ஒட்டிக் கொட்டகை போட்டு வளர்க்கும் கறவை மாடு கூலிக்கு அடுத்த வருமானம். மூச்சு முட்டும் அளவுக்கு அதன் வயிறு உப்பிவிட்டால், மருத்துவர் இடது பள்ளையில் சரியான இடம் பார்த்துக் குழலூசியைக் குத்திக் காற்றை இறக்க வேண்டும். தீவனத்தோடு கம்பித் துண்டை விழுங்கிய மாட்டில், அது இரண்டாம் வயிற்றில் தங்கி உதரவிதானத்தைத் துளைத்து இதயம் வரை போகக்கூடும். அந்த வயிறும் இதயமும் எவ்வளவு நெருக்கம் என்பதை மருத்துவர் படிக்கும் காலத்திலேயே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அப்படித் தொடுவதற்கு உறுப்பைக் கெடாமல் வைத்துத் தருகிறவரும் கால்நடைக் கல்வியின் ஆசிரியர்களில் ஒருவர் என்பதே என் வாதம்.

உடற்கூறியல் கூடங்களில் நடக்கும் வேலையைக் கவனித்தால் இது விளங்கும். இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் உறுப்பை ரத்தம் போகக் கழுவி, கொழுப்பை நீக்கி, ஒட்டியிருக்கும் நாளங்கள் அறுபடாமல் பிரித்தெடுக்கிறார்கள். கடையில் வாங்கும் ஃபார்மலின் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு கலந்து நாளங்களின் வழியே செலுத்துகிறார்கள். வெளியே மட்டும் ஊறவைத்தால் ஈரல் போன்ற கெட்டி உறுப்பின் நடுப்பகுதி அழுகிவிடும். நுரையீரலைக் காற்றூதி விரித்தபடியே உலர்த்துகிறார்கள். எந்தத் தசையை வெட்டினால் எந்த நரம்பு தெரியும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்ற தீர்மானம் ஒவ்வொன்றும் உடற்கூறு தெரிந்தவரின் தீர்மானம்.

1893-இல் ஃபெர்டினாண்ட் புளூம் கண்டறிந்து சொன்ன ஃபார்மலின் முறை நஞ்சு சார்ந்ததுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. மாணவர் சில மணி நேரம் சுவாசிக்கும் ஆவியைக் கூடத்து ஊழியர் பணிக்காலம் முழுவதும் சுவாசிக்கிறார். 1977-இல் குந்தர் ஃபான் ஹாகென்ஸ் உருவாக்கிய பிளாஸ்டினேஷன் இதற்கு ஒரு வழி: உறுப்பின் நீரைக் குளிர்ந்த அசிட்டோனால் வெளியேற்றி, வெற்றிடத்தில் அசிட்டோனை ஆவியாக்கி, அந்த இடத்தில் சிலிக்கோனைப் புகுத்துவது. இப்படிச் செய்த உறுப்பு மணமின்றி உலர்ந்து, கையுறை இல்லாமல் தொடும்படி பல ஆண்டு நிற்கும். ஆனால் கருவிக்குச் செலவு அதிகம், அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், உறுப்பும் சற்றுச் சுருங்கும். முதலில் ஃபார்மலினில் பதப்படுத்துவதும் பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. முறை மாறினாலும் ஊழியரின் பாதுகாப்புத் தேவை மாறவில்லை.

கணினியில் முப்பரிமாணப் படம் வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. படம் உறுப்பின் இருப்பிடத்தை நன்றாகவே காட்டும், விலங்குகளைக் கொல்வதையும் குறைக்கும், அதை வரவேற்கிறேன். ஆனால் படத்தில் இருப்பது சராசரி மாடு. 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் முதல் வயிற்றின் சுவர் எவ்வளவு கெட்டி என்பதும், ஒரே உறுப்பு மாட்டுக்கு மாடு எவ்வளவு வேறுபடும் என்பதும் கைக்குத்தான் தெரியும். ஒருமுறை பதப்படுத்திய உறுப்பு பல ஆண்டு மாணவர்களுக்குப் பயன்படுவதால், புதிய உறுப்புகளின் தேவையையும் அதுவே குறைக்கிறது.

சென்னையில் 1903-இலும், ஏலப்பாறை இருக்கும் கேரளத்தில் மண்ணுத்தியில் 1955-இலும் கால்நடைக் கல்லூரிகள் தோன்றின. இத்தனை நெடிய கல்வி மரபில் பதப்படுத்துகிறவருக்கு முறையான பயிற்சியும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடும், காலமுறை மருத்துவப் பரிசோதனையும், மாதிரியின் பெயர்ப்பலகையில் தயாரித்தவர் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை ஆகாது. ஏலப்பாறைக் கொட்டகையில் ஒரு மாடு பிழைக்கும்போது அதில் அவருக்கும் பங்குண்டு. அந்தப் பங்கைக் கல்லூரிகள் எழுத்தில் ஏற்க வேண்டும்.