அறுக்கப்படாத டேஷ்போர்டு: டெட்ராயிட்டின் பழைய மஸ்டாங்குகளில் ஒலி சேர்க்கும் தொழில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராயிட் நகரின் நடுவிலிருந்து வடமேற்கே பான்டியாக் வரை நீளும் வுட்வர்ட் சாலையில், 1995இல் தொடங்கிய பழைய கார்களின் ஊர்வலம் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறுகிறது. அதற்கான ஆயத்தமோ பனிக்காலத்திலேயே, அச்சாலையை அடுத்த புறநகர்களின் சிறு பட்டறைகளில் தொடங்கிவிடுகிறது. பனியை உருக்கச் சாலைகளில் தூவப்படும் உப்பு பழைய இரும்புத் தகட்டை அரித்துவிடும் என்பதால் உரிமையாளர்கள் அம்மாதங்களில் தம் கார்களை வெளியே எடுப்பதில்லை. கார் ஓடாத காலமே இப்பட்டறைகளுக்கு வேலைக் காலமாகிறது. அங்கு வந்து சேரும் கார்களில் ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் தனியிடம் பெறுவது. 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான அக்காரின் 1965ஆம் மாதிரியாண்டில் மட்டும், துணிக்கூரையை மடக்கித் திறக்கக்கூடிய கன்வெர்ட்டிபிள் வகை ஒரு இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அத்தகைய காரின் ஒலியமைப்பைப் புதுப்பிக்கும் வேலையையும் அதைச் செய்வோரின் கைத்திறனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இக்காரில் இருந்த ஒலியமைப்பு மிக எளிமையானது. ஏஎம் அலைவரிசையை மட்டும் பிடிக்கும் ரேடியோ ஒன்றும், டேஷ்போர்டின் மேற்புறச் சல்லடைக்குக் கீழே வானத்தைப் பார்த்தபடி கிடந்த காகிதக் கூம்பு ஒலிபெருக்கி ஒன்றும் மட்டுமே அதில் இருந்தன. எனினும் அக்காலப் பாடல்கள் அந்த எளிமையைக் கணக்கில் கொண்டே உருவாக்கப்பட்டன என்பதை மறந்துவிடலாகாது. ஃபோர்டின் கிளை ஆலை ஒன்றில் கார் பூட்டும் வரிசையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, அதே டெட்ராயிட்டில் 1959இல் தொடங்கிய மோட்டவுன் இசை நிறுவனத்தில், பாடல்களை வெளியிடும் முன் கார் ரேடியோவை ஒத்த சிறிய ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து சோதிப்பது வழக்கமாக இருந்தது. 1966ஆம் மாதிரியாண்டில் ஃபோர்டு 8 தட நாடாப் பெட்டியை விருப்பப் பொருளாக அளித்த பிறகே, இடம் வலம் எனப் பிரிந்து கேட்கும் ஸ்டீரியோ ஒலி இக்காருக்குள் வந்தது. எனவே இன்று நிகழும் புதுப்பிப்பைப் பழுதுபார்க்கும் வேலை என்று கொள்ள இயலாது. தன்னளவில் முழுமையாக இருந்த ஓர் அமைப்புக்குள், அது எதிர்பாராத ஒன்றை நுழைக்கும் வேலை அது.

திறந்த காரில் இசை கேட்பதன் சிக்கல் இயற்பியலிலிருந்து எழுகிறது. மூடிய காரின் சிறிய அறைக்குள், அறையின் நீளத்தைவிட நீண்ட அலைகளைக் கொண்ட தாழ்ந்த சுரங்களை ஒலிபெருக்கி எழுப்பும்போது, அடைபட்ட காற்று முழுவதும் ஒருசேர அழுந்தித் தளர்வதால் அச்சுரங்கள் தாமாகவே வலுப்பெறுகின்றன; கூரையைத் திறந்தவுடன் இந்த ஆதாயம் மறைந்துவிடுகிறது. அதே வேளையில், கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே சுழலும் காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே திரள்வதால், எஞ்சியிருக்கும் மத்தளமும் பேஸ் கிதாரும் அதற்குள் அமுங்கிப்போகின்றன. இழப்பை வெறும் திறனால் ஈடுகட்ட முயல்வோரை டெசிபல் கணக்கு தடுத்து நிறுத்துகிறது. ஒலியின் வலுவை அளக்கும் அலகான டெசிபல், திறனை இருமடங்காக்கினால் 3 மட்டுமே உயரும்; காதுக்கு இருமடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபலும், அதற்காகப் 10 மடங்கு திறனும் தேவைப்படும்.

இதனால் தேர்ந்த தொழிலாளர் ஆம்ப்ளிஃபையரின் வாட் எண்ணைப் பார்க்கும் முன் ஒலிபெருக்கியின் உணர்திறனைப் பார்க்கின்றனர். ஒரு வாட் திறன் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே உணர்திறன். 86 டெசிபல் தரும் ஒலிபெருக்கிக்கு மாற்றாக 92 டெசிபல் தருவதைப் பொருத்தினால், ஆம்ப்ளிஃபையரை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்கு ஒப்பான பயன், மின்சாரம் கூடாமலேயே கிட்டிவிடுகிறது. இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. அக்கார்களின் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் சுழற்சியால் மின்சாரம் ஆக்கும் கருவி, 40 ஆம்பியரை ஒட்டிய அளவே தரக்கூடியது. முகப்பு விளக்கு, துடைப்பான், தீப்பொறி அமைப்பு ஆகிய அனைத்தும் அதிலிருந்தே பங்கு கேட்கின்றன. 200 வாட் வெளியிடும் பழைய பாணி ஆம்ப்ளிஃபையர், உட்கொள்வதில் பாதியை வெப்பமாக இழப்பதால், உச்சநிலையில் 29 ஆம்பியர் வரை இழுக்கும். மின்சாரத்தை விரைந்த துடிப்புகளாக நறுக்கிப் பயன்படுத்தும் டி வகை ஆம்ப்ளிஃபையருக்கு அதே பணிக்கு 18 ஆம்பியர் அளவே போதுமானது. அதன் சிறிய உடல் இருக்கைக்கு அடியில் மறைந்துவிடும் என்பதும் இத்தொழிலில் அது விரும்பப்படுவதற்கு மற்றொரு காரணம்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் இணைப்பு முதலில் கழற்றப்படுகிறது. பின்னர் பழைய கம்பிகள் ஒவ்வொன்றாகத் தடம் பிடிக்கப்படுகின்றன. அறுபது ஆண்டுகளில் பல கைகள் பட்ட கம்பிகளில் எது எங்கே போகிறது என்பதை வரைபடம் மட்டும் சொல்லிவிடாது என்பதால், சோதனை விளக்கும் மீட்டரும் கையில் இருந்தபடியே இருக்கும். ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் பழைய கம்பிக்கட்டிலிருந்து எடுக்கப்படுவதில்லை. பேட்டரியிலிருந்தே தனிக்கம்பி இழுக்கப்பட்டு, அதன் தொடக்கத்தில் சுமார் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வைக்கப்படுகிறது. கம்பி எங்கேனும் உராய்ந்து உடற்தகட்டைத் தொட்டாலும் தீப்பற்றாமல் காப்பது அந்த ஃபியூஸே. பழக்கமற்றோர் இடறும் இடம் ஒன்றும் இக்கட்டத்தில் வருகிறது. 1960களின் ரேடியோக்கள் பலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு முனை காரின் உடற்தகட்டோடு, அதாவது எர்த்தோடு, இணைந்திருக்கும். இன்றைய ஆம்ப்ளிஃபையர்களிலோ இரு முனைகளிலும் மின்னழுத்தம் இருப்பதால், பழைய கம்பியை அப்படியே பயன்படுத்தினால் புதிய கருவி கெட்டுப்போகும். எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளை கேட்டால் அது ஆல்டர்னேட்டரிலிருந்தும், சடசடப்பு கேட்டால் தீப்பொறி அமைப்பிலிருந்தும் வருகிறது என ஊகித்து, எர்த் இணைப்பில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தை வெளிப்படுத்துதல், மின்கம்பியையும் இசைக்கம்பியையும் காரின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொண்டுசெல்லுதல், மின்தடை கொண்ட ஸ்பார்க் பிளக் கம்பிகளைப் பொருத்துதல் ஆகியவற்றால் அவற்றை அடக்குகின்றனர்.

ஒலிபெருக்கிகளுக்கு இடம் தேடுவதில் கன்வெர்ட்டிபிள் மற்றக் கார்களைவிடக் கடினமானது. மூடிய மஸ்டாங்கில் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டு இதில் இல்லை. மடங்கிய துணிக்கூரை அமரும் பள்ளம் அவ்விடத்தை எடுத்துக்கொள்கிறது. கூரை இல்லாததால் குறைந்த உறுதியை ஈடுசெய்யக் கதவுகளுக்குக் கீழேயும் தரையிலும் கூடுதல் இரும்பு பற்றவைக்கப்பட்டிருப்பதால், அப்பகுதிகளில் துளையிடுவது காரின் வலிமையையே குலைக்கும். கதவுக்குள் வைக்க நினைத்தால், இறங்கி வரும் கண்ணாடி ஒலிபெருக்கியின் காந்தத்தில் இடிக்கக்கூடும். எஞ்சுவது, முன்னிருப்போரின் பாதங்களுக்குப் பக்கவாட்டில் உள்ள பலகைகள். அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, ஒலிபெருக்கிக்கு இடம் விட்டு வார்த்த மாற்றுப் பலகைகளைப் பொருத்துகின்றனர். டேஷ்போர்டின் பழைய ஒற்றை இடத்தில், ஒரே கூம்பில் இரு சுருள்கள் கொண்ட ஒலிபெருக்கி வைக்கப்படுகிறது. இடப்பக்க இசையும் வலப்பக்க இசையும் தனித்தனிச் சுருள் வழியே வந்து அங்கே கலந்துவிடுவதால் பாடலின் எந்தப் பகுதியும் தொலைவதில்லை. வெயிலும் எதிர்பாராத மழையும் நேரே விழும் காரென்பதால், காகிதக் கூம்புக்கு மாற்றாக, படகுகளுக்கென ஆக்கப்படும் பாலிப்ரோப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் கொண்ட ஒலிபெருக்கிகளே ஏற்கப்படுகின்றன. இருக்கைத் தையற்காரரின் உதவியின்றி இவ்வேலை முடிவதில்லை. பின்னிருக்கையின் பக்கவாட்டில் கூரைக் கம்பிகள் மடங்கி இறங்கும் பாதையை நன்கறிந்தவர் அவரே.

அனைத்திலும் நுட்பமான முடிவு ரேடியோவைப் பற்றியது. பிற்காலத்தில் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என ஒரு பொது அளவு நிலைபெற்றது. மஸ்டாங்கின் டேஷ்போர்டிலோ இரு திருகுகளும் நடுவே அலைவரிசைக் கண்ணாடியும் கொண்ட சிறிய திறப்பே உண்டு. 1970களிலும் 1980களிலும் கேசட் பெட்டிகளுக்கு இடமளிப்பதற்காக எத்தனையோ கார்களின் டேஷ்போர்டுகள் ரம்பத்தால் அறுக்கப்பட்டன. இரும்புத் தகட்டாலான அதைச் சரிசெய்யத் தகடு வெட்டிப் பற்றவைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டியிருப்பதால், ஒருவர் ஒரு பிற்பகலில் அறுத்ததை மற்றொருவர் வாரக்கணக்கில் மூட நேர்கிறது. இன்று மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. பழைய திறப்புக்குப் பொருந்தும் திருகு ரேடியோவில் நவீன மின்னணுப் பாகங்களை வைத்து விற்கப்படுவதை வாங்கிப் பொருத்துவது முதல் வழி. மூல ரேடியோவின் முகத்தையும் திருகுகளையும் விட்டுவிட்டு உள்ளுறுப்பை மட்டும் மாற்றுவது இரண்டாவது. ரேடியோவைத் தொடாமலேயே விட்டு, செல்பேசியிலிருந்து புளூடூத் வழியே இசை பெறும் ஆம்ப்ளிஃபையரை மறைவாக வைப்பது மூன்றாவது.

எல்லாம் பொருத்தியபின் ஒலியை இசைவிக்கும் கட்டம் வருகிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணின் வலுவையும் கூட்டிக் குறைக்கும் ஒலிச் செயலியில் கூரை மூடிய நிலைக்கு ஒன்றும் திறந்த நிலைக்கு ஒன்றுமாக இரு அமைப்புகள் பதியப்படுகின்றன. திறந்த நிலையில் மிகத் தாழ்ந்த சுரங்களைக் காற்றோடு போட்டியிட விடாமல், அவற்றுக்குச் சற்று மேலுள்ள பகுதியை உயர்த்தி, பாடகரின் குரலைத் தெளிவாக்குவதே அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் முறை. பட்டறைக்குள் நிறைவாகக் கேட்கும் ஒலி நெடுஞ்சாலையில் பயனற்றதாகலாம் என்பதால், பனி விலகியபின் காரை ஓட்டிப் பார்த்தே இறுதி முடிவு செய்யப்படுகிறது.

இத்தொழிலாளரின் அறிவு எந்த ஒரு தொழிற்பிரிவுக்குள்ளும் முழுமையாக அடங்குவதில்லை. மின்பணி, தகட்டுவேலை, தையல், ஒலியியல் ஆகிய நான்கின் எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் அது உருவாகியிருக்கிறது. அவர்களது திறனுக்கு உரைகல், செய்த வேலையைத் தடமின்றித் திரும்ப எடுக்க முடிகிறதா என்பதே. மூலப்பாகங்களுக்கே மதிப்பெண் தரும் காட்சிப் போட்டிகளும், மாற்றப்படாத காருக்குக் கூடுதல் விலை கொடுக்கும் சந்தையும் இக்கட்டுப்பாட்டுக்கு வெளிப்புறக் காரணங்கள். ஆயினும் அதன் வேர், தொழில் கடந்துவந்த வரலாற்றிலேயே உள்ளது. முந்தைய தலைமுறை நிலையானது என்று நம்பிப் பொருத்திய 8 தட நாடாவும் கேசட்டும் வழக்கொழிந்துவிட்டன. அவற்றுக்காக இட்ட துளைகள் மட்டும் எஞ்சியுள்ளன. புளூடூத்துக்கும் அந்நிலை வரும் என்று அறிந்தோரே, கழற்றிய ரேடியோவையும் திருகாணிகளையும் புதிய கம்பிகளின் வரைபடத்தையும் ஒரு பெட்டியில் இட்டு, காரோடு சேர்த்து உரிமையாளரிடம் ஒப்படைக்கின்றனர்.