டேங்க் எங்கே தம்பி?

மினி ப்ராஜெக்ட் ரிவ்யூல மூக்குடைஞ்சு நிக்கிறீங்களா? பேசாம செஞ்சிக்கு பஸ் ஏறுங்க. நான் ஏறினேன்!

என் ப்ராஜெக்ட், திரவ ஹைட்ரஜன்ல பறக்கும் விமானம். பதினஞ்சு ஸ்லைடும் இன்ஜினைப் பத்தியே பேசினேன். கைடு கேட்டது ஒரே கேள்வி: "எல்லாம் சரி, டேங்க் எங்கே தம்பி?" பேந்தப் பேந்த முழிச்சேன். "அடுத்த வாரம் பதிலோட வா. இல்லன்னா டைட்டிலை மாத்து!"

திண்டிவனத்துல திருவண்ணாமலை பஸ் பிடிச்சா, வழியிலேயே செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரினு மூணு மலைகளை வளைச்சுக் கட்டின கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த மராட்டியர் கோட்டைகள் 12-ல், தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒண்ணுதான்.

ராஜகிரி அடிவாரத்துல நெற்களஞ்சியம் இருக்கு. உள்ளே போய் நில்லுங்க. தடிமனான சுவர், வளைவான கூரை. வெளியே வெயில் கொளுத்துது, உள்ளே கம்முனு இருக்கு. 1690-ல் முற்றுகையைத் தொடங்கின முகலாயப் படைக்கு, இந்தக் கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆச்சு. அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதுமா? உள்ளே சோறும் தண்ணியும் வேணுமே! அங்கேதான் எனக்கு டேங்க் ஞாபகம் வந்துச்சு.

ஒரு கிலோ ஹைட்ரஜன்ல, ஒரு கிலோ மண்ணெண்ணெயைவிட கிட்டத்தட்ட 2.8 மடங்கு சக்தி இருக்கு. ஆனா திரவமாக்கினாலும் பஞ்சு மாதிரி லேசு. அதே சக்திக்கு நாலு மடங்கு இடம் கேட்கும். மைனஸ் 253 டிகிரியிலேயே வெச்சிருக்கணும். கொஞ்சம் சூடு உள்ளே போனாலும் கொதிச்சு ஆவியாகிடும். அதனால இப்போ மாதிரி இறக்கைக்குள்ள ஊத்தி வைக்க முடியாது. தடிமனான காப்பு போட்ட உருண்டை, இல்லன்னா உருளை டேங்க் வேணும். அதாவது, பறக்கிற களஞ்சியம்!

சோவியத் யூனியன் இதைச் செஞ்சு பார்த்துச்சு. 1988 ஏப்ரல் 15-ல் டுபோலெவ் டியூ-155 பறந்தது. மூணு இன்ஜின்ல ஒண்ணுக்கு மட்டும் திரவ ஹைட்ரஜன். டேங்க் எங்கே தெரியுமா? பயணிகள் உட்கார வேண்டிய கேபினோட பின்பக்கம்! அடுத்த வருஷமே அதே விமானம் திரவ இயற்கை எரிவாயுவிலும் பறந்தது.

"நம்ம மகேந்திரகிரியிலதான் கிரையோஜெனிக் இன்ஜினே டெஸ்ட் பண்றாங்களே?"னு கேட்பீங்க. உண்மைதான். 2010 ஏப்ரல் 15-ல் நம்ம முதல் முயற்சி தோத்துச்சு, 2014 ஜனவரி 5-ல் ஜெயிச்சுது. தேதியைக் கவனிச்சீங்களா? டியூ-155 பறந்து சரியா 22 வருஷம்! ஆனா அந்த இன்ஜின் எரியுறது சுமார் 12 நிமிஷம்தான். விமானம் மணிக்கணக்கா, தினமும், வருஷக்கணக்கா அந்தக் குளிரைப் பொத்திப் பாதுகாக்கணும். 2023-ல் ஜெர்மனியின் ஹெச்ஒய்4 என்ற குட்டி விமானம், ஸ்லோவேனியாவில் திரவ ஹைட்ரஜனை வெச்சு மூணு மணி நேரத்துக்கு மேல பறந்திருக்கு. அதுல எரிக்கிறது இல்லை. ஃப்யூயல் செல்லில் மின்சாரமாக்கி ப்ரொப்பல்லரைச் சுத்துறாங்க.

இதையெல்லாம் யோசிச்சுக்கிட்டே ஏறினதுல, பாதி மலையிலேயே என் ஒரு லிட்டர் பாட்டில் காலி! பள்ளத்து மேல போட்டிருக்கிற பாலத்தைத் தாண்டி உச்சிக்குப் போனா, அங்கேயும் ஒரு களஞ்சியம். கோட்டை கட்டினவங்க, நான் ரிவ்யூல மறந்ததை மறக்கலை!

திங்கட்கிழமை, பின்பக்கம் சீட்டுகளைத் தூக்கிட்டு டேங்க் வரைஞ்சு காட்டினேன். கைடு கண்ணாடியைக் கழட்டினார். "சரி, சீட் குறைஞ்சா டிக்கெட் விலை?"

டைட்டில் பிழைச்சது. பதில்தான் இன்னும் கிடைக்கலை. மறுபடி செஞ்சி போகணும்.

நீங்களும் போங்க. காலையிலேயே ஏறிடுங்க. முக்கியமா, ரெண்டு பாட்டில் தண்ணி!