குளவி இருக்கும் கொழுந்து

ராசிபுரத்தில் ஏறி நாமகிரிப்பேட்டை வழியாக முள்ளுக்குறிச்சியில் இறங்கினால் கொல்லிமலை கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். மலைக்குப் போகிறவர்கள் இங்கே ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் வந்தது அடிவாரத்துக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு. மரவள்ளி என்று சொன்னால் இங்கே வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும்.

மாசி மாதம். ஒரு வயலில் கிழங்கு பிடுங்குகிறார்கள், அடுத்ததில் நடவுக்குத் தண்டைக் கரணை கரணையாக வெட்டுகிறார்கள். வரப்பில் வேளாண் கல்லூரி மாணவிகள் நான்கு பேர். ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காகக் கிராமத்தில் தங்கியிருக்கிறார்கள். கையில் வண்ண அட்டை, கழுத்தில் கயிறு கட்டிய லென்ஸ். வேப்பமர நிழலில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள், எல்லாரும் ஆண்கள்.

பேச்சு மாவுப்பூச்சியைப் பற்றி. 2020இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட இந்தப் புதுப்பூச்சி, கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்துவிட்டது. நுனிக் கொழுந்தைச் சுருட்டி முட்டைக்கோஸ் போல ஆக்கிவிடும். செடி குட்டையாகும், கிழங்கு சிறுக்கும். சேகோ மில்லில் மாவுச்சத்தைப் பாயின்ட் கணக்கில் அளந்துதான் விலை போடுகிறார்கள் என்பதால், விவசாயிக்கு அடி எடையிலும் விழும், பாயின்டிலும் விழும்.

"மருந்து அடிச்சோம்மா, மூணு தடவை. பூச்சி போவல, காசுதான் போச்சு" என்றார் ஒரு பெரியவர்.

போகாது. மெழுகு மாவைப் போர்த்திக்கொண்டு சுருண்ட கொழுந்துக்குள் உட்கார்ந்திருப்பதன்மேல் மருந்து படுவதே அரிது. ஆப்பிரிக்கா இதை நமக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. 1970களில் காங்கோவில் தொடங்கி, கிழங்கையே சோறாக உண்ணும் நாடுகளில் எல்லாம் பூச்சி பரவியது. அதன் பூர்வீகமான தென்னமெரிக்காவில் தேடி, 1981இல் பராகுவேயில் அதையும் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியையும் கண்டுபிடித்தார்கள். குளவிக்கு அனாகைரஸ் லோபசி என்று பெயர், இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே குளவியைப் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது.

மாணவி ஒருத்தி அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கொழுந்தைக் கிள்ளி வந்தாள். எனக்கு அந்த நொடியில்தான் பாடம் ஆரம்பித்தது. லென்ஸ் கைமாறியது. வெள்ளைக்கு நடுவே பழுப்பாக, உப்பி, கெட்டியான கூடுகள். அவை பூச்சிதான், ஆனால் உள்ளே வளர்வது குளவி. சிலவற்றில் ஊசிமுனை ஓட்டை: குளவி வெளியேறிய வழி. "ஓட்டை இருந்தா நல்ல சேதிங்க. அங்க மருந்து அடிச்சா முதல்ல சாவறது குளவிதான்" என்றாள். அடிக்காதே, காத்திரு என்று விவசாயியிடம் சொல்வதைவிடக் கஷ்டமான பாடம் எதுவும் இல்லை. கடைக்காரர் பாட்டில் கொடுக்கிறார், பல்கலைக்கழகம் பொறுமையைக் கொடுக்கிறது. எது விற்கும்?

நான் கரணை வெட்டும் இடத்துக்கு நகர்ந்தேன். ஏழெட்டுப் பெண்கள். ஒரு சாண் நீளம், எட்டுப் பத்துக் கணு, கத்தி ஒரே வீச்சில் இறங்குகிறது. பட்டை சிதைந்தால் கரணை அழுகிவிடும் என்பதால் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் இந்தக் கரணையில்தான். நல்ல செடி எது, கழிக்க வேண்டியது எது என்று முடிவு செய்வது இந்தக் கைகள். மருந்துக் கரைசலில் கரணையைப் பத்து நிமிடம் நனைத்து எடுப்பதும் இவர்களே.

"மரத்தடிக்கு நீங்க போகலையா அக்கா?"

"நெலம் இருக்கறவங்களத்தான் கூப்புடுவாங்க. நாங்க போனா கூலி யாரு குடுப்பா?"

கழித்த கொழுந்துகளை அந்த அக்கா ஒரு மூலையில் குவித்திருந்தார், சாயங்காலம் கொளுத்த. குனிந்து பார்த்தேன். பாதிக்குமேல் பழுப்புக் கூடுகள். மரத்தடியில் காப்பாற்றச் சொன்ன அதே குளவி, முப்பதடி தள்ளி எரிவதற்குக் காத்திருந்தது. நோயுற்ற நுனியைக் கிள்ளி அழிக்கச் சொல்வதும் பரிந்துரைதான். இரண்டுமே சரி, ஆனால் எந்த நுனியை என்பதுதான் கேள்வி. அதற்குக் கண் பழக வேண்டும்.

மாணவியைக் கூப்பிட்டேன். அவள் பெண்களோடு மண்ணில் உட்கார்ந்தாள். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, அந்த அக்கா லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெறும் கண்ணுக்கே தெரியுது கண்ணு." வெள்ளை மட்டும் உள்ளது கொளுத்துவதற்குச் சாக்கில் போனது. பழுப்பு நிறைந்ததைக் கூடையில் போட்டு, புது நடவுக்கு எட்டத்தில் நிற்கும் பழைய செடிகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார்கள்.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பெண்களுக்குக் காட்டுவேலை மதியம் இரண்டு மணிக்கு முடிகிறது. கூட்டத்தை அதற்கு அப்புறம், கரணை வெட்டும் வயலிலேயே வையுங்கள்.