பழ ஈ புகட்டிய பாடம்

பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் எங்கள் ஊர். பண்டை மாந்தரின் நினைவைத் தாழிகளில் காத்து வைத்த மண் அது. எங்கள் இல்லத்திலோ, என் ஆச்சியின் நினைவு நாள்தோறும் தேய்ந்து வந்தது. ஒருநாள், “நீ யார் வீட்டுப் பிள்ளை, ஐயா?” என்று என்னையே வினவினார். “எத்தனை முறை சொல்வது?” என்று சினந்தேன். அவர் கண்கலங்கித் தலைகுனிந்தார். அருகிலிருந்த வாழைக்குலையைப் பழ ஈக்கள் மொய்த்தன. அவற்றையும் வெறுப்புடன் விரட்டினேன்.

பின்னர்க் கல்லூரியில் உயிரியல் பயின்றபோது அவ்வீயின் அருமையை அறிந்தேன். எள்ளினும் சிறிய அதன் மூளையில் ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள் உள்ளன. ஒரு மணத்தோடு சிறு மின்னதிர்ச்சியையும் சேர்த்து அளித்தால், மறுமுறை அம்மணத்தைவிட்டு அது விலகிச் செல்லும். கற்கும்போது நரம்பணுக்களின் இணைப்புகள் வலுவில் மாறுகின்றன. அம்மாற்றமே நினைவாக நிலைக்கிறது.

ஈயின் நரம்புகளை ஆராய்ந்தோருள் நம் நாட்டு அறிஞர் ஒபைத் சித்திகியும் ஒருவர். வெப்பம் மிகுந்தால் முடங்கிவிடும் ஈக்களின் நரம்புக் குறைகளை, 1976-இல் சைமூர் பென்சருடன் இணைந்து அவர் விளக்கினார். மறதிநோயோடு தொடர்புடைய ‘டௌ’ என்னும் மனிதப் புரதத்தை ஈயின் மூளையில் உண்டாக்கியபோது, அகவை ஏற ஏற நரம்பணுக்கள் அழிந்தமையை 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மறதி ஆச்சியின் குற்றமன்று. நோயின் கொடுமையே என்று உணர்ந்தேன். விடுமுறையில் ஊர் சென்றேன். “நீ யார், ஐயா?” என்றார். “உங்கள் பேரன், ஆச்சி” என்றேன். அன்று பத்துமுறை வினவினார். பத்தாம் முறையும் முதல்முறை போலவே விடை கூறினேன்.